வைக்கோல், காளான் வித்து, ஒரு பெட்டி: மூன்று தரம் செய்து பாத்தன், யோசனை சொல்லுங்கோ

கொட்டியாரக்கரை

எல்லாருக்கும் வணக்கம். வைக்கோலில காளான் நூலை வளர்த்துப் பெட்டி செய்யப் பாத்த கதை இது, கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன்.

வீடு திருகோணமலையில மூதூர்ப் பக்கம். வாடைக்காற்று தொடங்கினா எங்கட கரையில ரெஜிபோம் (தேர்மோகோல்) மணி வெள்ளை வெள்ளையா ஒதுங்கும். மீன்பெட்டி உடைஞ்சது, டிவிப் பெட்டிக்குள்ள வந்தது எண்டு எல்லாம் மணலோட மணலாக் கிடக்கும். சோத்துப் பெட்டியை 2017 செப்டெம்பரில தடை செய்தாங்கள். மற்றதெல்லாம் அப்பிடியே ஓடுது. போன வருசம் மகள் அந்த மணிகளைச் சிப்பிக்குஞ்சு எண்டு சொல்லி ஒரு சிரட்டை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து தந்தாள். அண்டைக்குத் தொடங்கின வேலை இது.

வயல் பக்கம் போனா அறுவடை முடிய வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறம். இந்தப் பக்கம் உக்காத சாமானைக் கடலுக்கு விடுறம். இந்த இரண்டையும் சேர்த்து யோசிச்ச ஆக்கள் இருக்கினம். அமெரிக்காவில இரண்டு மாணவர்கள் 2007இல தொடங்கின எக்கோவேடிவ் எண்ட கம்பனி, பயிர்க்கழிவுக்குள்ள காளானின்ர வெள்ளை நூலை வளரவிட்டு, அச்சில நிரப்பி, காயவைச்சுப் பொதிப் பெட்டி செய்யுது. டெல் கம்பனி தங்கட சேர்வர்களை அதுக்குள்ள வைச்சு அனுப்பியிருக்கு. 2014இல நியூயோர்க்கில ஏறக்குறைய 10,000 காளான் கல்லை அடுக்கிக் கோபுரமே கட்டினாங்கள். பசை ஒண்டும் போடுறதில்லை. மைசீலியம் எண்டு சொல்லுற அந்த நூல்தான் பசை. வைக்கோலுக்குள்ள படர்ந்து, கொஞ்சத்தைக் கரைச்சுச் சாப்பிட்டு, மிச்சத் துணுக்குகளைச் சுத்திப் பின்னிக் கட்டும். அந்த நூலின்ர சுவரில கைற்றின் இருக்கு, இறால் கோதில இருக்கிற அதே சாமான்.

நான் செய்தது இது. முதல் தரம் வைக்கோலுக்குக் கொதிதண்ணி ஊத்தி, ஆறவிட்டு, சிப்பிக் காளான் வித்துக் கலந்து ஐஸ்கிரீம் டப்பாவில அடைச்சன். நாலாம் நாள் முழுக்கப் பச்சை. இரண்டாம் தரம் அவிச்சன். நூல் வடிவாப் பிடிச்சுது. ஆறாம் நாள் கழட்ட, கையோட உதிர்ந்து போச்சு. மூன்றாம் தரம் வைக்கோலைச் சின்னதா நறுக்கி 12 நாள் விட்டன். வெள்ளையா, தோல் போர்த்த மாதிரி ஒரு பெட்டி வந்தது. மனிசியும் நானும் அதைச் சுத்திச் சுத்திப் பாத்தம். வெயிலில மூன்று நாள் காயவைச்சு, ஐஸ் போட்டு இரண்டு கிலோ சூரை மீன் வைச்சன். விடியப் பாக்கத் தண்ணியைக் குடிச்சு ஊறி, அடிப்பாகம் பிய்ஞ்சு வந்தது. ஒரு கிழமையில விளிம்பால காளான் முளைச்சுது.

எங்க பிழை? இதை எங்கட ஊரில செய்யலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நிலாவெளிக்_காளான்கொட்டில்

தம்பி, நான் ஒன்பது வருசமாச் சிப்பிக் காளான் போடுறன். உங்கட மூன்று பிழையும் நான் முதல் இரண்டு வருசத்தில விட்ட பிழைகள்தான், மனம் தளர வேண்டாம்.

பச்சையாப் போனது திரைக்கோடேர்மா எண்ட பூஞ்சணம். கொதிதண்ணியை ஊத்திவிட்டாக் காணாது. வைக்கோலின்ர நடுவுக்குச் சூடு போகவேணும். நாங்கள் பரலுக்குள்ள (பெரிய பீப்பாய்) தட்டுப் போட்டு, கீழ தண்ணி விட்டு, ஆவியில மூன்று நாலு மணித்தியாலம் அவிக்கிறம். விறகு மிச்சம் பிடிக்கவேணும் எண்டா இன்னொரு வழி இருக்கு. 100 லீற்றர் தண்ணிக்கு அரைக்கிலோ நீறின சுண்ணாம்பு கரைச்சு, நறுக்கின வைக்கோலை ஒரு இரவு முழுக்க அமத்தி வையுங்கோ. அந்தக் காரத்தில மற்றப் பூஞ்சணம் தலையெடுக்காது, சிப்பிக் காளான் தாங்கும். கடையில டொலமைற்றைத் தந்து சுண்ணாம்புதான் எண்டு சொல்லுவினம், வாங்காதேங்கோ. அதில அந்தக் காரம் வராது. பிறகு எடுத்து வடியவிட்டு, கைக்குள்ள இறுக்கிப் பிழிஞ்சா நாலைஞ்சு சொட்டுத்தான் விழவேணும். ஓடி வடிஞ்சா அது பக்றீரியாவுக்குச் சாப்பாடு.

நாங்கள் பைக்குப் போடுற கலவை மரத்தூள் 100 கிலோ, தவிடு 10 கிலோ, கல்சியம் காபனேற்று 2 கிலோ, பயத்தம் மா 1 கிலோ, மக்னீசியம் சல்பேற்று 200 கிராம். அது சாப்பாட்டுக் காளான் காய்க்கிறதுக்கு. உங்களுக்குக் காய் தேவையில்லை, நூல்தான் தேவை. தவிட்டைக் குறையுங்கோ. தவிடு கூடினாப் பச்சையும் கூடும். வித்தைக் குறைக்காதேங்கோ. நூல் முந்தினா மற்றது பிந்தும்.

உதிர்ந்ததுக்குக் காரணம் அவசரம். நேரா அச்சில அடைக்காமல் முதல் பைக்குள்ள ஒரு கிழமை வளரவிட்டு, அதைக் கையால உதிர்த்து, பிறகு அச்சில நல்லா அமத்தி நிரப்பி இன்னொரு கிழமை விடவேணும். அறுந்த நூல் ஒவ்வொண்டும் திரும்ப ஓடிப் பின்னும். அந்த இரண்டாம் பின்னல்தான் பலம்.

முளைச்சதுக்குக் காரணம் அது சாகேல்லை. வெயில் காயவைக்கும், கொல்லாது. ஈரம் பட்ட உடன எழும்பும்.

இன்னொண்டு, இதை எல்லாரும் கவனியுங்கோ. காளான் விரிய விட்டா வித்தித்தூள் பறக்கும். மூடின கொட்டிலுக்குள்ள அதைச் சுவாசிச்சு எனக்கு இரண்டு மாதம் இருமலும் மூச்சிழுப்பும். முகக்கவசம் இல்லாமல் நான் இப்ப உள்ளுக்குப் போறதில்லை. வீட்டில பிள்ளை இருக்கெண்டா அறைக்குள்ள வளர்க்காதேங்கோ.

வயற்காரன்_தம்பலகாமம்

தம்பி, உங்கட நோக்கம் நல்லது. ஆனா வைக்கோலைக் கழிவு எண்டு எழுதினதை நான் ஏற்கமாட்டன்.

நெற்பயிர் மண்ணால எடுத்த பொட்டாசியத்தில பெரும்பங்கு வைக்கோலிலதான் நிக்கிது, நெல்மணியில இல்லை. வைக்கோலை வயலை விட்டு ஏத்தினா அந்தச் சத்தை ஏத்துறம். 2021இல உரம் வராமல் நிண்ட போகத்தில அது எனக்கு நல்லா விளங்கிச்சு. அயல் வயல் மஞ்சளாக் கிடக்க, வருசக்கணக்கா வைக்கோலை மடிச்சு உழுத துண்டுதான் கொஞ்சம் தலை நிமிர்ந்து நிண்டது. அதோட மாடு? கச்சான் எண்ட தென்மேல் காற்றடிக்கிற மாதங்களில தரவையில ஒரு புல்லும் இராது. மாடு வைச்சிருக்கிறவன் வைக்கோலைத் தேடி அலைவான்.

அப்ப ஏன் எரிக்கிறம் எண்டு கேப்பீங்கள். முந்தி சூடு (நெற்கதிர்) அடிச்சு, களத்தில வைக்கோலைப் போராக் குவிச்சம். இப்ப மெசின் வெட்டிக்கொண்டு போக, வைக்கோல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கு. கூட்டி அள்ளக் கூலி கட்டாது. அடுத்த போகத்துக்குத் தண்ணி திறக்கிற திகதிக்குள்ள உழவேணும். அதால நெருப்பு. எரிக்கிறவன் எல்லாம் விபரம் இல்லாதவன் எண்டு நினைக்க வேண்டாம்.

உமியும் அப்பிடித்தான். 1,000 கிலோ நெல் குத்தினா ஏறக்குறைய 200 கிலோ உமி. அது மில்லுக்குள்ளயே நெல் அவிக்க எரியுது, மிச்சம் செங்கல் சூளைக்குப் போகுது. ஒரு சாமான் சும்மா கிடக்கோ இல்லையோ எண்டு பாத்துப்போட்டுக் கழிவு எண்டு சொல்லுங்கோ.

மீன்வாடி_கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மீன் ஏவாரி, இருவது வருசம் பெட்டியோட பழக்கம். தம்பி சூரைய வச்சுப் பாத்தன்டு எழுதினதக் கண்டு எனக்குக் கவலையாப் போச்சு.

மீன்பெட்டிக்கு நாங்க கேக்கிறது மூணு விசயம். ஐஸ்தண்ணி குடிக்கப்படா. ரெத்தவாடை ஏறப்படா. லொறில ஏழெட்டுப் பெட்டி மேல மேல அடுக்கக்குள்ள நசுங்கப்படா. வைக்கோல் பெட்டிக்கு இந்த மூணும் ஏலா. உள்ளுக்குப் பொலித்தீன் போட்டாலும் வெளிப்பக்கம் வேர்க்கும். பொலித்தீன் போட்டுச் செய்யிறதுக்கு இவ்வளவு பாடு என்னத்துக்கு?

ஆனா கரையில கிடக்கிற மணிக்கு நாங்களும் காரணம், அதை நான் மறைக்கல்ல. மீனுக்குச் சரியான மாற்று, கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளுக்கு நுரை அடைச்ச இரட்டைச் சுவர்ப் பெட்டி, வருசக்கணக்கா உழைக்கும். என்னட்ட அஞ்சு இரிக்கு. முதல்ல காசு முடக்கணும், சின்ன ஏவாரிக்கு அதுதான் கஷ்டம். அந்தப் பிரச்சினை வேற, அதுக்குக் காளான் மருந்தில்ல. உங்கட பெட்டிக்கு ஈரம் இல்லாத வேல ஒண்டு தேடுங்க தம்பி.

கோணேசபுரி_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். வளாகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். பாடசாலைப் புத்தகத்தில் "பங்கசு" என்று இரண்டு பக்கம் படித்ததோடு நின்ற விஷயம், இங்கே மூதூரிலும் நிலாவெளியிலும் கையால் செய்யப்படுவதைப் பார்க்க உற்சாகமாக இருக்கிறது.

கிண்ணியாக் காக்கா (அண்ணன்) சொன்னதை எண்களும் ஒத்துக்கொள்கின்றன. ரெஜிபோமில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீற்றர் பொதுவாக 10 முதல் 50 கிலோவுக்குள் இருக்கும். மைசீலியப் பொருள் பெரும்பாலும் 60 முதல் 300 கிலோ வரை வருகிறது. வெப்பத்தைத் தடுப்பதில் அது அவ்வளவு பின்தங்கவில்லை. ரெஜிபோமின் வெப்பக்கடத்துதிறன் (குறையக் குறைய நல்லது) 0.035 அளவில், வைக்கோல் மைசீலியத்தின் கடத்துதிறன் 0.04 முதல் 0.08 வரை. ஆனால் தண்ணீரில் போட்டால் தன் எடையளவோ அதற்கும் மேலோ குடித்துவிடும். தோற்பது அங்கேதான். அதிர்ச்சியைத் தாங்குவதில் நன்றாக நிற்கும், ஏனென்றால் அமுங்கி நசுங்கும்போது விசையைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. ஆகவே உலர்ந்த, உடையக்கூடிய பொருளுக்கான பொதிதான் இதற்கு இயல்பான இடம்.

தம்பலகாமத்து ஐயாவிடம் ஒரு கணக்கு வைக்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். ஏக்கருக்கு 80 புசல் என்று எடுத்தால், புசலுக்கு ஏறக்குறைய 21 கிலோ வீதம் கிட்டத்தட்ட 1,700 கிலோ நெல். வைக்கோலும் ஏறத்தாழ அதே எடை. ஒரு போத்தலைச் சுற்றி வைக்கும் பொதிப்பொருளின் கனவளவு 2 லீற்றர் என்றால், கன மீற்றருக்கு 150 கிலோ அடர்த்தியில் அதற்கு 300 கிராம் போதும். காளான் தின்று தீர்ப்பதையும் சிந்துவதையும் கழித்தாலும் ஒரு ஏக்கர் வைக்கோலில் 4,500 பொதிக்குக் குறையாது. ஒரு சிறு தொழிலுக்கு ஒரு வருடத்துக்கு அது தாராளம். மண்ணின் பங்கையும் மாட்டின் பங்கையும் தொடாமல் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

வயற்காரன்_தம்பலகாமம்

பிள்ளை, கணக்குச் சரி. 80 புசல் எண்டது எங்கட பக்கத்துக்கு நடுத்தரம்.

ஒரு ஏக்கர் எண்டா எனக்கு மறுப்பில்லை. நான் பயந்தது, நாளைக்கு ஆரும் பெரிய முதலாளி மெசினோட வந்து மாவட்டம் முழுக்க வைக்கோலை வாரிக்கொண்டு போவான் எண்டுதான். இந்தியாவில பஞ்சாப், அரியானாப் பக்கம் எரிக்கிற வைக்கோலை எடுத்து இதே மாதிரிப் பொதி செய்யிற கம்பனி இருக்கெண்டு மகன் சொன்னான். அங்க எரிபடுற அளவும் டில்லியின்ர புகையும் வேற கதை. எங்கட மண்ணுக்கு எங்கட கணக்கு.

சும்மா கிடக்கிற சாமான் வேணுமெண்டா நான் காட்டுறன். குச்சவெளிப் பக்கம் கச்சான் (நிலக்கடலை) கோது. உடைக்கிற இடத்தில குவிஞ்சு கிடக்கும், மாடு தின்னாது. மரக்காலைகளில மரத்தூள். பனங்கொட்டை, பன்னாடை. இதுகளில தொடங்குங்கோ.

மெல்பேர்ண்_திருமலை

உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது மெல்பேர்ணில். இங்குள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உமியும் உடைந்த கண்ணாடித் தூளும் சேர்த்து மைசீலியப் பலகை செய்து எரித்துப் பார்த்தார்கள். உமியில் சிலிக்கா அதிகம். எரியும்போது கரியும் சிலிக்காவும் ஒரு போர்வையாக மூடி நெருப்பை மந்தப்படுத்துகிறது. அந்த நேரத்தில் ரெஜிபோமைப் போன்ற பிளாஸ்டிக் நுரை உருகி, கரும்புகை கக்கி எரியும். வீட்டுக்கூரைக்குக் கீழே வெப்பம் தடுக்கும் பலகையாக இது வந்தால் திருகோணமலை வெயிலுக்கு எவ்வளவு நல்லது என்று யோசித்தேன். அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே மத்தியானம் படுத்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். இந்தத் திசையையும் விட்டுவிட வேண்டாம்.

நிலாவெளிக்_காளான்கொட்டில்

அண்ணா, நல்ல எண்ணம். ஆனா உமி மட்டும் போட்டா நூல் மெதுவாத்தான் ஏறும், அந்தச் சிலிக்காவாலதான். நான் ஒருக்காப் போட்டுப் பாத்தனான், மரத்தூளில 20 நாளில பிடிக்கிறது உமியில மாதம் தாண்டிச்சுது. மற்றது கறையான். இங்க கதவு நிலையையே தின்னுது, காயவைச்ச வைக்கோல் பலகையை விடுமா? ஓட்டுக்கு அடியில வைச்சு, மாரியில ஒரு ஒழுக்கு விழுந்தா என்ன நடக்கும் எண்டதையும் யோசியுங்கோ. கூரையைக் கொஞ்சக் காலம் கழிச்சுப் பாப்பம்.

தேன்போத்தல்_வெருகல்

நான் இதுவரை வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். எங்கட மகளிர் குழு காட்டுத்தேன் வாங்கி வடிச்சு, கண்ணாடிப் போத்தலில கொழும்புக்குக் கூரியரில அனுப்புறம். பேப்பர் சுத்தினா உடையுது. ரெஜிபோம் வைச்சா உடையாது, ஆனா "இயற்கைத் தேன்" எண்டு லேபல் ஒட்டிப்போட்டு அதைச் சுத்தி ரெஜிபோம் வைக்கிறதுக்கு எங்களுக்கே மனம் வரேல்லை. வாங்கின ஒரு அம்மா அதைக் கேட்டே எழுதினவா. உங்கட பெட்டி எங்கட போத்தலைத் தாங்குமா?

என்ர தங்கச்சி தயிர்ச்சட்டிக்கும் கேக்கச் சொன்னவள்.

மீன்வாடி_கிண்ணியா

தங்கச்சி, தயிர்ச்சட்டி வேணாம். மண்சட்டி வேர்க்கும், தயிர்த்தண்ணி கசியும். மீனுக்கு வந்த அதே கரைச்சல். தேன்போத்தல் சரியான சாமான்: காய்ஞ்சது, பாரமானது, உடையிறது.

கொட்டியாரக்கரை

ஐந்து கிழமையா எழுதேல்லை, செய்துகொண்டு இருந்தன். எல்லாருக்கும் முதல் நன்றி. காக்கா சொன்ன பிறகு மீன்பெட்டியை விட்டிட்டன். அதுதான் என்ர மகளின்ர சிரட்டைக்குப் பதில் எண்டு நினைச்சுத் தொடங்கினது, விடேக்க மனம் பாரமாத்தான் இருந்தது. ஆனா ஈரம் குடிக்கிற சாமானை ஈரத்துக்கு வைக்கிறது சாமானின்ர குற்றமில்லை.

நாலாம் தரம் வைக்கோலே போடேல்லை. கச்சான் கோது இரண்டு பங்கு, மாமர மரத்தூள் ஒரு பங்கு, கொஞ்சம் தவிடு. கோதை உரலில இடிச்சு அரை விரல் நகமளவு துண்டாக்கினன். நிலாவெளி அக்காவின்ர காளான் கொட்டிலில பரலில அவிச்சு, அவவின்ர வித்தைப் போட்டு, ஏழு நாள் பையில, பிறகு உதிர்த்து அச்சில ஆறு நாள். அச்சு எண்டது தச்சன் செய்துதந்த மரப்பெட்டி, நடுவில போத்தலின்ர வடிவத்தில பாதிக் கட்டை. இரண்டு பாதி செய்தாப் போத்தலை மூடிக் கைகுவிச்ச மாதிரி வரும்.

காய்க்கிற கொட்டிலில தூக்கியெறியிற பழைய பைகளைச் சேர்த்தும் ஒரு தட்டுப் போட்டுப் பாத்தம். அது தனிய நிண்டா பிடிக்கேல்லை, சத்தெல்லாம் காளான் முதலே தின்டிட்டுது. கோதோட மூன்றில ஒரு பங்கு கலந்தாப் பரவாயில்லை.

காயவைக்கிறதுக்குத்தான் நான் கனக்க யோசிச்சன். அக்கா சொன்ன மாதிரி கொல்லவேணும். உள்ளுக்கும் 70 பாகைக்கு மேல சூடு போய் மணித்தியாலக் கணக்கா நிக்கவேணும். மின்சார அடுப்புக்கு வழியில்லை. எங்கட சந்தியில ஒரு பேக்கரி, இன்னும் விறகுப் போறணை. விடியப் பாண் இறக்கின பிறகு போறணை பின்னேரம் மட்டும் சூடு விடாது. முதலாளியிட்டக் கேட்டன். பாணுக்கு மணம் பிடிக்குமோ எண்டு யோசிச்சவர், ஒரு துண்டை முகர்ந்து பாத்துப்போட்டு "காய்ஞ்ச இலை மணம்தானே, வையுங்கோ" எண்டார். முதல் இரண்டு நாள் வெயில், பிறகு ஆறு மணித்தியாலம் போறணை. வெளியில எடுக்க மண்ணிறமா, பாரமில்லாமல், தட்டினா டொக் எண்டுது. ஒரு துண்டை நனைச்சுப் பைக்குள்ள கட்டி இரண்டு கிழமை வைச்சன். நூல் எழும்பேல்லை. உக்கத் தொடங்கினது, முளைக்கேல்லை.

இடுப்பளவு உயரத்தில இருந்து சீமெந்துத் தரையில பத்துத் தரம் போட்டன். தண்ணி நிரப்பின போத்தல், உடையேல்லை. பொதியின்ர மூலை மட்டும் நசுங்கிச்சு.

தேன்போத்தல்_வெருகல்

மிச்சத்தை நான் சொல்லுறன். தம்பி ஆறு பொதி கொண்டு வந்து தந்தவர். ஆறு போத்தல் தேன், ஆறு விலாசம், எல்லாம் கொழும்புக்கு. ஐந்து முழுசாப் போய்ச் சேர்ந்தது. ஒண்டு அடியில வெடிச்சு, தேன் பொதிக்குள்ளயே ஊறி நிண்டிருக்கு. ரெஜிபோம் எண்டா அது ஒழுகி மற்ற ஆக்களின்ர பார்சலையும் பழுதாக்கியிருக்கும். அதை வாங்கின அம்மாவுக்கு வேற போத்தல் அனுப்பியாச்சு. அவ பொதியை உடைச்சுப் பூச்சாடிக்குப் போட்டதாப் படம் அனுப்பினவா.

கோணேசபுரி_மாணவி

அண்ணா, உடைந்த பொதியின் அடிப்பகுதி எத்தனை சென்ரிமீற்றர்? பக்கச் சுவரும் அடியும் ஒரே தடிப்பா? கூரியரில் பெட்டி பெரும்பாலும் நேராக விழும், அடிதான் முதல் அடி வாங்கும்.

கொட்டியாரக்கரை

தங்கச்சி, பக்கம் இரண்டரை, அடி இரண்டு. கட்டையை நிரப்பேக்க அடியில சரியா அமத்துப்படேல்லை, வெட்டிப் பாக்க அந்த இடத்தில நூல் ஐதாத்தான் இருந்தது. அடியை நாலாக்கிறன். தச்சனிட்டச் சொல்லியாச்சு.

நிலாவெளிக்_காளான்கொட்டில்

அடியை முதல் நிரப்பி, உள்ளங்கையால அமத்தி, ஒரு பிடி வித்துக் கூடப் போட்டு, பிறகு பக்கத்தை நிரப்புங்கோ. கச்சான் காற்றுத் தொடங்க முதல் முடிக்கப் பாருங்கோ. பையின்ர உள்சூடு வெளிச்சூட்டை விட நாலைஞ்சு பாகை கூட நிக்கும், வெளியில 35 வந்தா நூல் களைச்சுப்போகும். பரல் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கு. கோதை இடிச்சுக்கொண்டு வாங்கோ, விறகு நான் பாக்கிறன்.

வயற்காரன்_தம்பலகாமம்

குச்சவெளியில கோது வைச்சிருக்கிற ஆளிட்டக் கதைச்சிட்டன். சாக்குக்குக் காசு வேண்டாமாம், ஏத்துகூலி மட்டும். சனிக்கிழமை என்ர லான்ட்மாஸ்டர் உழவு மெசின் அந்தப் பக்கம் போகுது, பத்துச் சாக்கு நிலாவெளியில இறக்கிவிடுறன்.